நானூறு அக்காவும் பச்சைத் தட்டுகளும்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. ஒரு நாளைக்கு நானூறு தட்டு கழுவுகிறாள், அதனால் நானூறு. பிள்ளைகளுக்கு நானூறு அக்கா. சமையல்காரருக்கு வெறும் நானூறு. சூப்பர்வைசர் மட்டும் "இந்தாம்மா" என்பார். அவருக்கு யாராக இருந்தாலும் "இந்தாம்மா"தான், பெண்டாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்வி.

உணவுக்கூடத்துக்கும் அவள் நிற்கிற பின்கட்டுக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு சதுர ஓட்டை. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த தட்டை அதன் வழியே தள்ளிவிட்டுப் போவார்கள். இந்தப் பக்கம் இரண்டு பெரிய தொட்டி, ஒரு குழாய், மூன்றடுக்குக் கம்பி அலமாரி. பதினொரு வருஷமாக அவளுக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் மணிக்கட்டு வரைக்கும்தான். மை ஒட்டிய விரல், நகம் கடித்த விரல், ரப்பர் வளையம் மாட்டிய கை. முகம் பார்க்க வேண்டுமானால் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு நேரம் ஏது?

ஆனால் தட்டைப் பார்த்தே அவள் ஒரு வீட்டின் நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். திங்கட்கிழமைத் தட்டுகளைக் கழுவாமலே அடுக்கிவிடலாம் போலிருக்கும், அவ்வளவு துடைத்து வந்திருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பள்ளிக்கூடம் கிடையாதே. புதன், வியாழன் வந்தால் காய் மிஞ்சும், பருப்பு மிஞ்சும். வெள்ளிக்கிழமை ரொட்டி மட்டும் மிஞ்சாது. அது சட்டைப்பைக்குள் போயிருக்கும். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கழுவினாள், எண்ணினாள், அடுக்கினாள்.

எண்ணுவதுதான் அவளுடைய இன்னொரு வேலை. அந்த எண்ணிக்கை வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

பள்ளியில் சாப்பாட்டுக்கு மாதம் பிறந்ததும் காசு கட்டுகிற வீடுகள் உண்டு, கட்ட முடியாது என்று ஃபாரம் எழுதிக் கொடுத்த வீடுகளும் உண்டு. ஃபாரம் கொடுத்த பிள்ளைகளின் சாப்பாட்டை மேலிடம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் தினமும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்கும். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகள் வரிசையில் நின்று பெயர் சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் எழுதிக்கொள்வார். பத்துப் பேர் காதில் விழப் பெயர் சொல்லப் பிள்ளைகள் கூசுகின்றன என்பது அந்த மனிதருக்கு உறைத்தது. நல்ல மனுஷன்தான், சும்மா சொல்லக் கூடாது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஃபாரம் கொடுத்தவர்களுக்குத் தனி ஜன்னல், பச்சைத் தட்டு. மற்றவர்களுக்கு வெள்ளைத் தட்டு. யாரும் வாயைத் திறக்க வேண்டாம். கழுவுகிற இடத்தில் பச்சையை மட்டும் எண்ணிச் சொன்னால் போதும்.

பெயர் சொல்லக் கூசிய பிள்ளையின் கையில், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு விளம்பரப் பலகையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தினமும் பச்சையை எண்ணிச் சொன்ன நம் நானூறுக்கும் தோன்றவில்லை. இந்தக் கதையில் அவள் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், அவளே பிறகு ஒப்புக்கொண்டாள்.

ஃபாரம் கொடுத்த பிள்ளைகள் நூற்றி நாற்பது. முதல் வருஷம் பச்சைத் தட்டு எண்பது வந்தது. பிறகு அறுபது, நாற்பது. இந்த வருஷம் இருபத்திரண்டு. அதுவும் ஆறாம் வகுப்புப் பொடிசுகள். மீசை அரும்பியவனும் ரிப்பனை விட்டுக் கிளிப்புக்கு மாறியவளும் அந்த ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

நூற்றி நாற்பது ஃபாரத்தில் ஒன்று நானூறின் மகளுக்காகக் கொடுத்தது. பத்தாம் வகுப்பு, பதினைந்து வயது, அம்மாவைவிட நான்கு விரல் உயரம்.

நானூறின் புருஷன் அட்டைப்பெட்டி ஆலையில் இருந்தான். வாரம் ஆறு நாளாக இருந்த வேலை அந்த வருஷம் மூன்று நாளாகச் சுருங்கியது. வாடகை சுருங்குமா? சுருங்காது. அதனால் அடுப்படி சுருங்கியது. முதலில் பால் போனது, அப்புறம் பழம், அப்புறம் காலைச் சாப்பாடு டீத்தண்ணி என்று பெயர் மாற்றிக்கொண்டது. நானூறுக்கு உணவுக்கூடத்தில் ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. அதை டப்பாவில் போட்டு, பக்கத்து வீட்டில் விட்டிருக்கிற நாலு வயசுச் சின்னவனுக்குக் கொடுத்தனுப்பிவிடுவாள். சாயங்காலம் மகள் கேட்டால், "நான் வேலையிலேயே சாப்பிட்டுட்டேன்" என்பாள். மகளைக் கேட்டால், "நான் ஸ்கூல்லேயே சாப்பிட்டுட்டேன்" என்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். ராத்திரிக்குச் செய்ததில் தம்பிக்கும் அப்பாவுக்கும் போக மிஞ்சியதை, நீ தின்னு நீ தின்னு என்று சண்டை போட்டுப் பங்கு வைத்துக்கொண்டார்கள்.

இதில் நானூறுக்கு ஒரு சந்தோஷம் வேறு. அந்தப் பெண்ணுக்குக் குழந்தையிலிருந்தே வெங்காயம் ஆகாது. என்ன செய்து போட்டாலும் வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைப்பாள். ஒன்றோடு ஒன்று ஒட்டாது, கோணல் இருக்காது, அப்படி ஒரு வரிசை. அதட்டியும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதே பெண் இந்த வருஷம் வெங்காயத்தோடு சேர்த்து வழித்துத் தின்றாள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் உணவுக்கூடத்தில் போய்ப் பீற்றிக்கொண்டாள். "என் பொண்ணுக்குப் பொறுப்பு வந்திருச்சு அண்ணே. இப்பல்லாம் வெங்காயத்தைக்கூட விடறதில்லை. நீங்க போடற சாப்பாட்டிலயும் ஒதுக்கறதில்லைதானே?"

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். பச்சை ஜன்னலில் பரிமாறுகிறவர் அவர்தான். "உன் பொண்ணா? அவ இந்த வருஷம் ஒரு நாளும் வரலையே. நீ டப்பா கட்டறதைப் பார்த்து, அது அவளுக்குத்தான்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

நானூறின் முகத்தில் ஈயாடவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் தட்டையெல்லாம் பார்த்து வீட்டு நிலவரம் சொல்கிறவள், சொந்த வீட்டுத் தட்டைப் படிக்கத் தெரியாமல் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பசியைப் போய்ப் பொறுப்பு என்று நினைத்திருக்கிறாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், வந்து குவிகிற தட்டுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கையுறையோடு பின்பக்கம் போனாள். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு சிப்ஸ் பாக்கெட், சிவப்பாக ஏதோ ஒரு பாட்டில். பாட்டில் கை மாறிக்கொண்டிருந்தது. அவள் மகள் ஒருத்தியின் அறிவியல் நோட்டில் இதயத்தின் படம் வரைந்துகொண்டிருந்தாள், ஒரு கையால் பென்சில், ஒரு கையால் சிப்ஸ். பாக்கெட் வாங்கக் காசு ஏது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்தது. படம் வரைந்து கொடுத்தால் ஒரு பங்கு. நானூறு அப்படியே திரும்பி வந்து, அன்று கழுவிய தட்டுகளை உடையாத குறையாக அலமாரியில் அடித்து அடித்து வைத்தாள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது கேட்டாள்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"ஸ்கூல்லதான்."

"எங்கேன்னு கேக்கல. என்னன்னு கேட்டேன்."

"பருப்பு. முட்டை."

"இன்னிக்கு முட்டை வண்டி வரல. கொண்டைக்கடலை போட்டாங்க."

மகள் கையிலிருந்த சட்டையை மடித்தாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"சும்மா கிடைக்கிற சோத்தை விட்டுட்டு, அந்தக் காத்தடைச்ச பாக்கெட்டுக்காக ஊரார் நோட்டுல படம் வரையறியா நீ? எரியுது எனக்கு."

"அந்தப் பாக்கெட்டை எல்லாரும்தாம்மா வாங்கறாங்க. கையில வெச்சிருந்தா, யார் வீட்டுல அரிசி இருக்கு, யார் வீட்டுல இல்லேன்னு தெரியாது. பச்சைத் தட்டைத் தூக்கிட்டு அத்தனை பேர் நடுவுல நீ ஒரு தடவை நடந்து பாரு."

"தினம் நானூறு தட்டு தூக்கறேன்டி நான்."

"நீ கழுவறே. அது வேற."

நானூறு கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினாள். "பசிக்காதா உனக்கு?" என்று கேட்டாள்.

"மூணாவது பீரியட்ல பசிக்கும். தண்ணி குடிச்சா அடங்கிரும். அப்புறம் கணக்கு பீரியட்ல எழுத்தெல்லாம் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்." பெண் இதை ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு திருப்பிக் கேட்டாள். "நீ வேலையிலேயே சாப்பிடறேங்கறியே. தம்பி தினம் திங்கிற டப்பா யாரோடதும்மா?"

நானூறு கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேடிக்கையைப் பாருங்கள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சமையல்கட்டிலிருந்து முப்பதடி தள்ளித் தாயும் மகளும் பட்டினி கிடந்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏப்பம் விடாத குறையாக ஒருத்திக்கு ஒருத்தி கதை அளந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்போடு மற்றதும் வந்தது. கடைசியில் மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"தட்டை மாத்து. அப்ப வரேன். ஆனா நான் வந்தேனா வரலையான்னு அந்த ஓட்டை வழியா எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தா என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மானம் போயிரும்."

"பார்க்க மாட்டேன். சத்தியம்."

"அவ்வளவு பெரிய ஆபீஸ் போட்ட தட்டை நீ எப்படிம்மா மாத்துவே?"

"அது என் பாடு."

அவள் பாடு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நிறம்தானே பிரச்சினை, நிறத்தை எடுத்துவிட்டால் போகிறது என்று முடிவு கட்டினாள். தட்டு கழுவுகிறவளுக்குத் தோன்றுகிற யோசனை அப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பச்சைத் தட்டு அத்தனையையும் தொட்டியில் போட்டு, மூட்டையிலிருந்த பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டி, மேலே கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை தட்டெல்லாம் பளபளவென்று வெள்ளையாக இருக்கும், யாரும் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று ஞாயிறு முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கல்லை எடுத்துப் பார்த்தாள். பச்சையும் போகவில்லை, வெள்ளையும் வரவில்லை. திட்டுத் திட்டாக, தேமல் விழுந்த தோல் மாதிரி நூற்றைம்பது தட்டு. சமையல்காரர் வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். "இதுக்கு அந்தப் பச்சையே தேவலையே, நானூறு" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் வந்து ஒரு மூச்சு கத்திவிட்டுப் போனார். புதுத் தட்டு வாங்க இப்போது வழியில்லை, இதிலேயே போடுங்கள் என்றார்.

அந்த வாரம் தேமல் தட்டு ஒன்பதுதான் வந்தது. ஆறாம் வகுப்புப் பொடிசுகளே மூக்கைச் சுளித்தன.

அதற்கடுத்த வாரம் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். பயன்படுத்துவோர் இல்லாததால் இலவச உணவு ஜன்னல் இம்மாத இறுதியோடு மூடப்படும் என்று இருந்தது. பெண்ணை வரவழைக்கிறேன் என்று கிளம்பி, நூற்றி நாற்பது பிள்ளைகளின் சோற்றில் மண்ணைப் போட்டாயிற்று. ஜன்னலை மூடிவிட்டால் அப்புறம் எந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சாப்பாடு கிடையாது.

சமையல்காரர் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எண்ணிச் சொல்றது நீதானே. நாளையிலருந்து நூறுன்னு சொல்லேன். நீ கழுவினதை யாரு வந்து பார்க்கப் போறா?"

நானூறு யோசிக்காமல் இல்லை. இரண்டு தட்டு கழுவுகிற நேரம் யோசித்தாள். "நூறுன்னு சொன்னா ஜன்னல் திறந்திருக்கும் அண்ணே. சரி. அந்த ஜன்னலுக்கு என் பொண்ணு வருவாளா? வர மாட்டா. அப்புறம் யாருக்கு அது?" குழாயை மூடினாள். "இன்னொண்ணு. எண்ணிக்கையில நான் பொய் சொன்னதே இல்ல. சாப்பிட்டேன்னு மட்டும்தான் பொய் சொல்லியிருக்கேன்."

சமையல்காரர் போய், ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "டப்பாவுக்கு நான் தனியா எடுத்து வெச்சிருக்கேன். இதை இங்கேயே, என் கண் முன்னாடி சாப்பிடு" என்றார். நின்றபடியே சாப்பிட்டாள். மாதக்கணக்கில் மத்தியான வெயிலில் காலியாகக் கிடந்த வயிறு, மூன்றாவது கவளத்தில்தான் நம்பியது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி, பழக்கதோஷத்தில் "முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று" என்று வாய்விட்டு எண்ணினாள்.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. பச்சையை எண்ணச் சொல்லித்தான் ஆபீஸ் சொன்னது. ஆனால் தட்டு காணாமல் போனால் தன் தலையில் விழும் என்று அவள் பதினொரு வருஷமாக எல்லாத் தட்டையும் எண்ணுகிறாள். மொத்தம் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். காசு கட்டியவர்கள் எத்தனை என்று ஆபீசுக்குத் தெரியும். மிச்சம்?

வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் உணவுக்கூடத்துக்கு வந்தார். பள்ளிக்கே தலைமை அவர்தான். மூடப்போகிற ஜன்னலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போடலாமா என்று பார்க்க வந்திருந்தார். கூடவே சூப்பர்வைசர். பின்கட்டுக் கதவு திறந்து, ஈர ஏப்ரனோடு, முழங்கை வரைக்கும் நுரையோடு நானூறு வெளியே வந்தாள். பதினொரு வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அம்மா, ஒரு நிமிஷம். தட்டைப் பிளீச்சிங்ல போட்டுக் கெடுத்தது நான்தான். அதுக்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா ஜன்னலை மூடாதீங்க. பிள்ளைங்களுக்குப் பசி இல்லாம இல்ல. அந்தத் தட்டைத் தூக்கப் பிடிக்கல, அவ்வளவுதான்."

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. "பேர் சொல்லக் கூச்சப்படறாங்கன்னுதானே இந்தாம்மா தட்டையே மாத்தினேன்? நிறம் இல்லாட்டி எத்தனை பேர்னு நான் எப்படி எழுதறது?"

"நல்ல மனசோடதான் மாத்தினீங்க சார், நான் இல்லேங்கல. நிறமே வேண்டாம். ஒரே ஜன்னல், ஒரே வரிசை, எந்தத் தட்டு வேணா யாரு கையில வேணா இருக்கட்டும். சாயங்காலம் மொத்தம் எத்தனை தட்டுன்னு நான் சொல்றேன். காசு கட்டினவங்கள்ல அன்னிக்கு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு உங்க வருகைப் பதிவுல இருக்கு. அதை இதிலேருந்து கழிச்சா மிச்சம் எத்தனை பேர்னு வந்திராதா?"

சூப்பர்வைசர் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"எனக்கு எட்டாங்கிளாஸ்தான் சார். இது மூணாங்கிளாஸ்ல போட்டது" என்றாள் நானூறு. நக்கல் இல்லை, உண்மையிலேயே விவரம் சொன்னாள். சமையல்காரர் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார்.

"சரி, காசும் கட்டாம ஃபாரமும் கொடுக்காம எவனாவது வரிசையில புகுந்து சாப்பிட்டா?" சூப்பர்வைசர் விடுவதாக இல்லை.

"சாப்பிடட்டுமே சார். பசி இல்லாதவன் எவன் அந்த வரிசையில கால் கடுக்க நிப்பான்? அவன் வீட்டுக்கு ஒரு ஃபாரம் அனுப்புங்க."

பெரிய டீச்சர் பின்கட்டு அலமாரியிலிருந்து ஒரு தேமல் தட்டை எடுத்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரிசை நிற்கிற இடத்திலிருந்து கடைசி மேஜை வரைக்கும் நடந்தார். கூடத்தில் பாதிப் பிள்ளைகள் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்தார்கள். திரும்பி வந்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"திங்கட்கிழமையிலருந்து ஒரே ஜன்னல்" என்றார். "ஒரு மாசம் பார்ப்போம். இந்தச் சுவத்துத் தாளைக் கிழிங்க."

கிழித்தது நானூறுதான். நுரைக்கையோடு கிழித்ததில் பாதித் தாள் சுவரிலேயே ஒட்டிக்கொண்டது, அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தொட்டிக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளையும் தேமலுமாகக் கலந்து அடுக்கினாள், சீட்டுக் கட்டைக் கலைக்கிற மாதிரி. காசு கட்டியவன் கையில் தேமல் தட்டு வந்தது, ஃபாரம் கொடுத்தவன் கையில் வெள்ளை வந்தது. முதல் நாள் சில பேர் தட்டைப் புரட்டிப் பார்த்து முழித்தார்கள். பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் "இது எந்த நாட்டு மேப்புடா" என்று தேமல் தட்டைக் காட்டி ஜோக்கடித்தான், அன்றையிலிருந்து அதற்கு மேப் தட்டு என்று பெயர் விழுந்தது. மேப் தட்டு வேண்டும் என்று அடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள். பிளீச்சிங் பவுடருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

முதல் நாள் நானூற்றுப் பத்து. அந்த வாரக் கடைசியில் நானூற்று நாற்பது. மறுவாரம் நானூற்று எழுபதைத் தாண்டியது. சமையல்காரர் அரிசியை ஏற்றினார், அண்டாவை மாற்றினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்பினார், ஆனால் ஒரு நாளும் ஆள் லீவு போடவில்லை. நானூறுக்குக் கை ஊறி வெளுத்துப்போனது. "தட்டுதான் ஏறுது, சம்பளம் ஏறலையே" என்று வீட்டில் புருஷன் கிண்டல் செய்தான். "போய்யா, உனக்கென்ன தெரியும்" என்றாள் அவள்.

எல்லாம் சரி, அவள் பெண் வந்தாளா?

அதுதான் தெரியவில்லை. எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாளே. ஓட்டையில் கை நுழையும்போது கண்ணை வேண்டுமென்றே தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டாள். சமையல்காரரிடம் கேட்டிருக்கலாம். "ஐந்நூறு பேரு வரிசையில யாரு வந்தா, யாரு போனான்னு எனக்குத் தெரியாது" என்று அவர் முந்திக்கொண்டார். அவரிடமும் அந்தப் பெண் ஏதோ சத்தியம் வாங்கியிருப்பாள் போலிருக்கிறது. வீட்டில் கேட்டால், "சாப்பிட்டேன்" என்பாள். அந்த வார்த்தையைத்தான் ஒரு வருஷமாகக் கேட்டாயிற்றே.

வருகிற தட்டுகளோ, வழித்துத் துடைத்த தட்டுகள். அதில் எது அவளுடையது? எல்லாமே அவளுடையதாகவும் இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். ஊருக்கெல்லாம் சோறு போட வழி செய்துவிட்டுத் தன் பிள்ளை சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து படம் வரைகிறாளோ என்ற பயம் ஒவ்வொரு தட்டையும் தொடும்போது அவளைக் குத்தியது. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

அந்தப் புதன்கிழமை கூட்டம் நெரிந்தது. தட்டு வந்து விழுந்துகொண்டே இருந்தது. நானூற்று எண்பது, நானூற்றுத் தொண்ணூறு. ஒரு மேப் தட்டு வந்தது. அவள் வழக்கம்போல் எடுத்து, மிச்சத்தைத் தட்டிவிடப் போனாள். கை நின்றது.

பருப்பு இல்லை, சோறு இல்லை, முட்டை இல்லை. விளிம்பில் மட்டும் பதினாலு வெங்காயத் துண்டு. வரிசையாக. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், கோணல் இல்லாமல்.

வயிறு காலியாக இருக்கிற பிள்ளை வெங்காயத்தை விடாது. இது வயிறு நிறைந்த பிள்ளையின் தட்டு. இன்றைக்கும் கிடைத்தது, நாளைக்கும் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளையின் தட்டு. எனக்கு இது பிடிக்காது என்று சொல்கிற திமிர், இழந்துபோயிருந்த அந்த அழகான திமிர், அவள் பெண்ணுக்குத் திரும்பி வந்திருக்கிறது. நானூறு தொட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டுக்கும் நடுவே "கொழுப்பைப் பாரு கழுதைக்கு" என்று வாயாரத் திட்டினாள். ஓட்டைக்குப் பின்னால் தட்டுகள் முட்டிக்கொண்டு நின்றன. "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று ஒரு கை தட்டியது. அந்தத் தட்டை மட்டும் கழுவாமல் அலமாரியின் மேலடுக்கில் வைத்துவிட்டு மற்றவற்றின் மேல் பாய்ந்தாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் நோட்டோடு வந்தார். "மொத்தம் எத்தனை இந்தாம்மா?"

"ஐந்நூற்றுப் பதினொண்ணு சார்."

அவர் தன் நோட்டைப் பார்த்தார். "காலையில எடுத்து வெச்சது ஐந்நூத்து நாப்பது. மிச்சம் இருபத்தெட்டு. அப்ப ஐந்நூத்துப் பன்னெண்டு வரணுமே. ஒண்ணு குறையுது." அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம். "பதினொரு வருஷத்துல உனக்கு ஒண்ணு தப்பினது இல்லையே?"

"தப்பல சார்." நானூறு மேலடுக்கில் கைவிட்டு அந்தத் தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். வெங்காயம் காய்ந்து விளிம்போடு ஒட்டியிருந்தது. "இது என் பொண்ணு தட்டு."

சூப்பர்வைசர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நோட்டில் பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார். "ஏன் இன்னும் கழுவாம வெச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

"கழுவறேன் சார்" என்றாள் அவள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."